அணுக்கரு, துகள் இயற்பியலில் சோதனைவழி முனைவர் ஆய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்எஸ்சி இயற்பியல் முடித்து இந்தத் துறைக்கு வர நினைப்பவர்களும், வந்து ஓரிரு ஆண்டு ஆனவர்களும் கேட்கிற கேள்விகள் இவை. பதில்கள் இந்திய ஆய்வகங்களின் நடைமுறையை ஒட்டியவை.

புதிய துகளைக் கண்டுபிடிப்பதுதான் வேலையா?

இல்லை. புதிய அடிப்படைத் துகள் தலைமுறைக்கு ஒன்றிரண்டு கிடைத்தால் அதிகம். மாணவரின் நேரம் பெரும்பாலும் போவது, திரையில் தெரியும் எண் இயற்கையிலிருந்து வந்ததா, கருவியிலிருந்து வந்ததா என்று பிரித்தறிவதில்தான். கேபிள், வாயு, மின்னழுத்தம், அறை வெப்பம், நிரலில் ஒரு வரி, இவற்றில் எது வேண்டுமானாலும் புது இயற்பியல் போல வேடம் கட்டும்.

வேலையை மூன்று வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, முடுக்கியிலிருந்து வரும் அயனிக் கற்றையை மெல்லிய தகட்டில் மோதவிட்டு, வெளிவரும் காமா கதிர்களைக் கொண்டு அணுக்கருவின் அமைப்பைப் படிப்பது. டெல்லி ஐயுஏசி-யின் (பல்கலைக்கழகங்களுக்கான முடுக்கி மையம்) 15 மில்லியன் வோல்ட் பெல்லட்ரான், மும்பை டிஐஎஃப்ஆர் (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்) வளாகத்தின் 14 மில்லியன் வோல்ட் பெல்லட்ரான், கொல்கத்தா விஇசிசி-யின் கே-130 சைக்ளோட்ரான் ஆகிய முடுக்கிகள் இதற்கானவை. இரண்டு, டிடெக்டரை, அதாவது துகளை உணரும் கருவியை, செய்து சோதிப்பது. மதுரையில் உயர் ஆற்றல் இயற்பியலுக்கான ஐஐசிஹெச்இபி மையத்தில் நடக்கும் ஆர்பிசி (வாயு நிரப்பிய ஒரு வகை டிடெக்டர்; விளக்கம் கீழே) வேலை இந்த வகை. மூன்று, ஜெனீவாவின் எல்எச்சி (செர்ன் ஆய்வகத்தின் துகள் மோதுவிப்பான்), ஜப்பானின் பெல்லே-2 போன்ற பெரிய கூட்டு ஆய்வுகளின் தரவை அலசுவது. சென்னையிலிருந்து ஐஐடி மெட்ராஸும் கணித அறிவியல் நிறுவனமும் பெல்லே-2-இல் பங்கேற்கின்றன. ஐஐடி மெட்ராஸ் எல்எச்சி-யின் சிஎம்எஸ் ஆய்விலும் இருக்கிறது.

எந்தத் தேர்வு எழுத வேண்டும்? உதவித்தொகை எவ்வளவு?

ஜெஸ்ட், கேட், சிஎஸ்ஐஆர்-நெட், டிஐஎஃப்ஆர்-இன் சொந்த நுழைவுத் தேர்வு. நான்கில் இரண்டையாவது எழுதுங்கள். அணுசக்தித் துறை நிறுவனங்கள் பலவற்றில் பட்டம் ஹோமி பாபா தேசிய நிறுவனத்தின் பெயரில் வரும். 2023 ஜனவரி முதல் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) மாதம் ரூ.37,000, இரண்டு ஆண்டு கழித்து எஸ்ஆர்எஃப் (முதுநிலை) ஆனால் ரூ.42,000. வீட்டு வாடகைப்படி தனி. யுஜிசி-யின் 2022 விதிமுறைப்படி பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. சோதனைவழி ஆய்வில் ஐந்துக்குக் குறைவாக முடிப்பவர்கள் அரிது.

நேர்காணலில் குவாண்டம் கேள்விகளுக்குத் தயாராகி வருபவர்கள் எளிய செய்முறைக் கேள்வியில் தடுமாறுவதுண்டு. எண்ணிக்கை 400 என்றால் பிழை எவ்வளவு, 50 ஓம் கேபிளின் முனையைத் திறந்து விட்டால் துடிப்பு என்ன ஆகும், சோடியம் அயோடைடு டிடெக்டருக்கும் ஜெர்மானிய டிடெக்டருக்கும் பிரிதிறனில் (அருகருகே உள்ள ஆற்றல்களைப் பிரித்துக் காட்டும் திறன்) என்ன வேறுபாடு, இந்த மட்டத்தில்தான் கேட்பார்கள்.

எந்தக் குழுவில் சேர்வது? நெறியாளரிடம் என்ன கேட்கலாம்?

தலைப்பை விட, தரவு எங்கிருந்து எப்போது வரும் என்பதைக் கேளுங்கள். தரவு ஏற்கெனவே வட்டில் இருக்கிறதா, பீம் டைம் (முடுக்கியில் கற்றை கிடைக்கும் நேரம்) ஒப்புதல் ஆகிவிட்டதா, இனிமேல்தான் கருவி கட்ட வேண்டுமா? மூன்றாவது என்றால், கருவி தாமதமானாலும் ஆய்வேடாக நிற்கக்கூடிய ஒரு துணைப் பகுதி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். ஒரு டிடெக்டரின் செயல்திறனை முழுமையாக அளந்து விளக்குவதே நல்ல ஆய்வேடு ஆகும். "கட்டி முடித்த பிறகு இயற்பியல் பார்ப்போம்" என்பதை மட்டும் நம்பிச் சேர்வது ஆபத்து.

குழுவிலிருந்து கடைசியாகப் பட்டம் பெற்ற மூவர் எத்தனை ஆண்டு எடுத்தார்கள், அவர்கள் எழுதிய நிரலும் குறிப்பேடும் இன்று குழுவிடம் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் பதில் குழுவைப் பற்றி நிறையச் சொல்லும்.

மதுரையில் வேலை நடக்கிறது என்கிறீர்கள். நியூட்ரினோ ஆய்வகம்தான் வரவில்லையே?

தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில், மலையைக் குடைந்து 50,000 டன் காந்தமேற்றிய இரும்பு டிடெக்டர் அமைக்கும் ஐஎன்ஓ (இந்திய நியூட்ரினோ ஆய்வகம்) திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. உள்ளூர் எதிர்ப்பு, சுற்றுச்சூழல் வழக்குகள், மாநில அரசின் எதிர்ப்பு ஆகியவற்றால் சுரங்க வேலை தொடங்கவில்லை. அந்த டிடெக்டருக்காக வளர்த்த தொழில்நுட்பம் மதுரையில் 85 டன் மாதிரியாக இருக்கிறது. மினி-ஐகால் என்று பெயர். 11 இரும்பு அடுக்குகளுக்கு இடையே 10 அடுக்கு ஆர்பிசி. இது நியூட்ரினோவைப் பிடிக்கும் அளவு பெரியதல்ல. காஸ்மிக் மியூவான்களை (விண்கதிர்களால் வளிமண்டலத்தில் பிறந்து வரும், எலக்ட்ரானைப் போன்ற கனத்த துகள்கள்) அளக்கவும், காந்தப்புலத்தில் மின்னணுச் சுற்றுகள் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்க்கவும், தரைமட்டத்தில் மியூவான்களை எந்த அளவுக்கு வடிகட்ட முடியும் என்று சோதிக்கவும் பயன்படுகிறது.

இந்தியாவுக்கு இதில் பழைய வேர் உண்டு. 1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் டிஐஎஃப்ஆர், ஒசாகா, டர்ஹாம் குழுக்கள் சேர்ந்து வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைப் பதிவு செய்தன. அதே ஆண்டு தென்னாப்பிரிக்கச் சுரங்கத்திலும் இன்னொரு குழு அதைக் கண்டது.

ஐஎன்ஓ திட்டத்தை நம்பி இன்று சேர்பவர், ஆய்வேட்டுத் தலைப்பு டிடெக்டரையோ மியூவானையோ சார்ந்து இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது.

ஆர்பிசி எப்படிச் செய்யப்படுகிறது? எங்கே கோளாறு வரும்?

ஆர்பிசி என்பது மின்தடை மிகுந்த இரண்டு தகடுகளுக்கு நடுவே வாயு நிரப்பிய அறை. ஐஎன்ஓ வகையில் தகடு 3 மி.மீ. மிதவைக் கண்ணாடி, அளவு ஏறத்தாழ 2 மீட்டருக்கு 2 மீட்டர், இடைவெளி 2 மி.மீ. இடைவெளி எங்கும் ஒரே அளவில் இருக்க, பாலிகார்பனேட் பொத்தான்களைச் சீரான தூரத்தில் ஒட்டுவார்கள். வெளிப்பக்கம் கிராஃபைட் பூச்சு. அதன் பரப்புத் தடை சதுரத்துக்கு ஒரு மெகா ஓம் அளவில் இருக்க வேண்டும். பூச்சின் மேல் காப்புத்தாள், அதற்கும் மேல் 3 செ.மீ. இடைவெளியில் செப்புப் பட்டைகள். ஒரு பக்கம் குறுக்காக, மறுபக்கம் நெடுக்காக. வாயு 95.2 சதவீதம் ஆர்-134ஏ என்ற குளிர்பதன வாயு, 4.5 சதவீதம் ஐசோபியூட்டேன், 0.3 சதவீதம் சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு. இரு தகடுகளுக்கும் இடையே சுமார் 10 கிலோவோல்ட். ஒரு பக்கம் நேர் 5, மறுபக்கம் எதிர் 5 என்று பிரித்துக் கொடுத்தால் காப்புச் சிக்கல் குறையும்.

பூச்சின் தடை குறைந்தால் துடிப்பு பட்டைக்குப் போகாமல் பூச்சிலேயே பரவிவிடும். மிகுந்தால் மின்னழுத்தம் ஓரங்களுக்குச் சரியாகப் போய்ச் சேராது. பூச்சு உலர்ந்ததும் தகட்டைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்தின் தடையையும் அளந்து பதிவு செய்யுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு மூலையில் மட்டும் செயல்திறன் சரியும்போது முதலில் தேடும் தாள் அதுதான்.

ஒட்டி முடித்த அறையில் கசிவுச் சோதனை. சில பத்து மி.மீ. நீர்மட்ட அளவுக்கு அழுத்தம் கொடுத்து மூடி, மணிக்கணக்காகக் கவனிப்பார்கள். அழுத்தமானி குறைந்தால் கசிவு என்று எழுதிவிடுவதுதான் இங்கே வழக்கமான தவறு. நம் வெப்பமண்டலத்தில் வளிமண்டல அழுத்தம் தினமும் இருமுறை ஏறி இறங்கும்: காலை 10 மணி வாக்கில் உச்சம், மாலை 4 மணி வாக்கில் தாழ்வு, இரவில் மறுபடி. ஏற்றத்தாழ்வு 2 முதல் 3 ஹெக்டோபாஸ்கல். ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது 10 மி.மீ. நீர்மட்டம். அதாவது வெளிக்காற்று மட்டுமே உங்கள் அளவை 20, 30 மி.மீ. நகர்த்தும். அறை வெப்பம் ஒரு டிகிரி மாறினால், கொள்ளளவு மாறாதவரை, சுமார் 35 மி.மீ. கண்ணாடி வளைந்து கொடுப்பதால் உண்மையில் இதைவிடக் குறைவு, ஆனாலும் புறக்கணிக்கும் அளவல்ல. எனவே வெப்பம், வெளி அழுத்தம், உள் அழுத்தம் மூன்றையும் சேர்த்தே பதிவு செய்து, திருத்திய பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள். சோதனை நடுவில் அளவு சட்டென்று ஒரு படி இறங்கினால் அது கசிவே அல்ல. பெரும்பாலும் ஒரு பொத்தான் பசைவிட்டுக் கழன்றிருக்கும். அந்த இடத்தில் இடைவெளி விரிந்து மின்புலம் குறையும். அந்த அறையை அடுக்கில் ஏற்றாதீர்கள்.

ஈரப்பதம் இன்னொரு எதிரி. மின்னிறக்கத்தில் ஃபுளோரின் சேர்மங்கள் உடைகின்றன. நீராவியும் இருந்தால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உருவாகிக் கண்ணாடியின் உட்பரப்பை அரிக்கும். முதலில் தெரியும் அறிகுறி, அதே மின்னழுத்தத்தில் இருள் மின்னோட்டம் (துகள் எதுவும் கடக்காதபோதும் ஓடுவது) வாரக்கணக்கில் மெல்ல ஏறுவது. பிளாஸ்டிக் குழாய்களில் பல வகை ஈரத்தை உள்ளே விடும், ஆகவே குழாயின் பொருளைக் கேட்டு வாங்குங்கள்.

மின்னழுத்தத்தை முதல் நாளே 10 கிலோவோல்ட்டுக்கு ஏற்றக் கூடாது. வாயு பலமுறை மாறி உள்ளிருந்த காற்று முழுதும் வெளியேறிய பிறகு படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் மின்னோட்டம் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

செயல்திறனை அளக்க எத்தனை மியூவான் வேண்டும்?

கடல்மட்டத்தில் கிடைமட்டப் பரப்பில் ஒரு சதுர செ.மீ.க்கு நிமிடத்துக்கு ஒரு மியூவான். 2 மீட்டர் சதுர அறைக்கு 40,000 சதுர செ.மீ., ஆகவே நொடிக்கு 670 அளவில். மேலும் கீழும் சிண்டிலேட்டர் (துகள் கடந்தால் ஒளிரும் டிடெக்டர்) வைத்து, இரண்டும் சேர்ந்து அடித்தபோது நடுவில் இருக்கும் ஆர்பிசி அடித்ததா என்று பார்ப்பீர்கள். 95 சதவீதச் செயல்திறனை 10,000 நிகழ்வுகளில் அளந்தால் புள்ளியியல் பிழை 0.22 சதவீதம். அதற்கு மேல் நிகழ்வு சேர்ப்பதில் பயன் குறைவு, ஏனெனில் சிண்டிலேட்டர் ஓரம் ஆர்பிசி-யின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் அந்தத் தவறு பல சதவீதம் வரும். சிண்டிலேட்டரைச் சிறிதாக வைத்து, மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துத் தற்செயல் ஒத்திசைவை (தொடர்பில்லாத துடிப்புகள் ஒரே நேரத்தில் விழுவதை) குறையுங்கள்.

மின்னழுத்தத்துக்கு எதிரே செயல்திறன் வரைபடம் போடும்போது, அழுத்தமும் வெப்பமும் கொண்டு திருத்திய மின்னழுத்தத்தைப் பயன்படுத்துங்கள். அழுத்தம் குறைந்தாலோ வெப்பம் கூடினாலோ வாயுவின் அடர்த்தி குறைந்து, அதே வோல்ட்டில் பெருக்கம் கூடும். திருத்தாவிட்டால் மே மாத வரைபடமும் டிசம்பர் வரைபடமும் ஒரே அறையுடையவை என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

பீம் டைம் கேட்டு விண்ணப்பிப்பது எப்படி?

எட்டு மணி நேரம் ஒரு ஷிஃப்ட் என்ற கணக்கில், எத்தனை ஷிஃப்ட் வேண்டும் என்று முன்மொழிவு எழுத வேண்டும். மதிப்பீட்டுக் குழு முதலில் பார்ப்பது நிகழ்வு வீதக் கணக்கை. ஒரு மாதிரி:

கற்றை ஒரு துகள்-நானோஆம்பியர், அதாவது நொடிக்கு 624 கோடி அயனி. இலக்குத் தகடு ஒரு சதுர செ.மீ.க்கு ஒரு மில்லிகிராம், நிறை எண் 100 என்றால் சதுர செ.மீ.க்கு 6 × 10¹⁸ அணுக்கரு. வினைப்பரப்பு (மோதலில் வினை நடக்கும் வாய்ப்பின் அளவு) ஒரு மில்லிபார்ன், அதாவது 10⁻²⁷ சதுர செ.மீ. மூன்றையும் பெருக்கினால் நொடிக்கு சுமார் 38 நிகழ்வு. டிடெக்டர் அணியின் மொத்த ஒளிஉச்சித் திறன் (காமாவின் முழு ஆற்றலும் பதிவாகும் வாய்ப்பு) ஒரு எம்இவி (பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட்) ஆற்றலில் 5 சதவீதம் என்று வைத்தால், இரண்டு காமா ஒன்றாகப் பிடிபடும் வாய்ப்பு 0.25 சதவீதம், ஒரு ஷிஃப்ட்டுக்கு 2,700. மூன்று காமா என்றால் ஷிஃப்ட்டுக்கு 140 கூட இல்லை. நீங்கள் தேடும் ஆற்றல் நிலைக்கு அதில் பத்தில் ஒரு பங்குதான் வரும் என்றால், இருகாமாவில் 270. ஏழு நாள், அதாவது 21 ஷிஃப்ட் ஓட்டினால் 5,700. அதையும் கோணவாரியாகப் பிரித்தால் ஒவ்வொரு கூறிலும் சில நூறு, பிழை ஐந்து சதவீதம் பக்கம். உங்கள் கேள்விக்கு ஐந்து சதவீதம் போதுமா? போதாது என்றால் ஷிஃப்ட் கூட்டிக் கேட்பதை விட, வினையையோ கற்றை ஆற்றலையோ மாற்றி வினைப்பரப்பைக் கூட்டுவதுதான் வழி.

ஒரு பொறி: கற்றையை நிறுத்தி அளக்கும் ஃபாரடே கோப்பையில் தெரிவது மின்னோட்டம். அதை அயனியின் மின்னூட்ட நிலையால் வகுத்தால்தான் துகள் கணக்கு வரும். 10 நானோஆம்பியர் காட்டும் 10+ கற்றையில் இருப்பது ஒரே ஒரு துகள்-நானோஆம்பியர். இதை மறந்த முன்மொழிவு பத்து மடங்கு நம்பிக்கையோடு வந்து நிற்கும். கற்றை ஆற்றலுக்கும் மின்னூட்ட நிலைதான் சாவி: பெல்லட்ரானில் எதிர் அயனியாக நுழைந்து நடுவில் எலக்ட்ரான்களை உதிர்த்து வெளியேறுவதால், 12 மில்லியன் வோல்ட்டில் 7+ ஆகும் ஆக்சிஜனுக்கு (7+1) × 12, அதாவது 96 எம்இவி கிடைக்கும்.

இலக்குத் தகடு யார் செய்வார்கள்?

நீங்கள்தான், ஆய்வகத்தின் இலக்கு அறையில் இருப்பவர்களின் உதவியோடு. செறிவூட்டிய ஐசோடோப்பு மில்லிகிராம் கணக்கில் விலை போவதால், முதலில் அதே தனிமத்தின் இயற்கை வடிவத்தில் உருட்டியோ ஆவியாக்கியோ கை பழகிய பிறகே உண்மையான பொருளைத் தொடுவார்கள். பின்புறம் தங்கம் அல்லது ஈயத் தகடு வைத்தால் மோதலில் பிறந்த அணுக்கரு அங்கேயே நின்றுவிடும், டாப்ளர் அகலல் (நகரும் அணுக்கருவால் காமா கோடு அகலமாவது) குறையும். வேகமாக நிற்கும் அந்தக் கால அளவைக் கொண்டு பிகோவினாடி ஆயுட்காலத்தையும் எடுக்கலாம். ஆக்ஸிஜனேற்றம் பிடித்த இலக்கில் ஆக்சிஜனோடு நடந்த வினையின் கோடுகளும் நிறமாலையில் கலந்து வரும். இலக்கை வெற்றிடத்திலோ ஆர்கானிலோ வைத்து, கற்றை வரும் நாளில் மட்டும் வெளியே எடுங்கள்.

ஜெர்மானிய டிடெக்டரைக் கையாள்வதில் தெரிந்திருக்க வேண்டியவை?

இது கொஞ்சம் நீளும், ஏனெனில் ஒரு டிடெக்டர் கெட்டால் குழுவின் ஓர் ஆண்டே போகும்.

இந்தியாவின் ஐஎன்ஜிஏ என்ற காமா டிடெக்டர் அணியில் இருப்பவை குளோவர் டிடெக்டர்கள்: ஒரே உறையில் நான்கு ஜெர்மானியப் படிகம், சுற்றிலும் பிஜிஓ சிண்டிலேட்டர் கவசம். இந்த அணி டிஐஎஃப்ஆர், ஐயுஏசி, விஇசிசி என்று மாறிமாறி நிறுவப்பட்டு வந்திருக்கிறது. ஒரு காமா ஒரு படிகத்தில் சிதறிப் பக்கத்துப் படிகத்தில் முழுதும் அடங்கினால், இரண்டு ஆற்றலையும் கூட்டிக்கொள்ளலாம். இந்தக் கூட்டலால் ஒரு எம்இவி-க்கு மேல் திறன் சுமார் ஒன்றரை மடங்காகிறது. படிகத்தைத் தாண்டி வெளியேறினால் பிஜிஓ அதைப் பிடித்து அந்த நிகழ்வை நிராகரிக்கும்.

படிகம் திரவ நைட்ரஜனால் குளிர்ந்திருக்க வேண்டும், 77 கெல்வின் பக்கம். முழுதும் குளிரும் முன் மின்னழுத்தம் கொடுக்கக் கூடாது. வோல்ட்டை மெல்ல ஏற்றுங்கள், இடையில் முன்பெருக்கியின் வெளியீட்டை ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள். நைட்ரஜன் தீர்ந்து டிடெக்டர் சூடேறினால் தானாக மின்னழுத்தத்தை அணைக்கும் இணைப்பு உண்டு. அது உண்மையில் வேலை செய்கிறதா என்று கற்றை வரும் முன்பே சோதியுங்கள். பாதி சூடேறிய டிடெக்டரில் அவசரமாக நைட்ரஜன் ஊற்றுவது பெருந்தவறு: உள்ளிருந்து வெளிப்பட்ட வாயுக்கள் படிகத்தின் பரப்பில் படிந்து கசிவு மின்னோட்டத்தைக் கூட்டும். அறை வெப்பத்துக்கு முழுதும் வரவிட்ட பிறகே மீண்டும் குளிர்விக்க வேண்டும்.

பிரிதிறன் கோபால்ட்-60-இன் 1332.5 கேஇவி (ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட்) கோட்டில் 2 கேஇவி-க்கு அருகில் இருந்தால் டிடெக்டர் நலம். திடீரென 3, 4 ஆனால் இப்படிப் பாருங்கள்:

எல்லாப் படிகமும் ஒன்றாகக் கெட்டிருந்தால் புவித்தொடர்புச் சிக்கல். புதிதாக யார் எதைச் சுவர் இணைப்பில் செருகினார் என்று விசாரியுங்கள். வெற்றிட பம்ப்பும் மொபைல் சார்ஜரும் முதல் சந்தேக நபர்கள்.

நைட்ரஜன் நிரப்பிய உடனே மட்டும் கெட்டுப் பிறகு சரியானால், குமிழியின் அதிர்வு.

கோட்டின் இடப்பக்கம் மட்டும் வால் நீண்டால் நியூட்ரான் சேதம். படிகத்தை வெற்றிடத்தில் சுமார் 100 டிகிரி செல்சியஸில் சில நாள் வைத்து ஆற்றுப்படுத்த வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எண்ணிக்கை வீதம் கூடும்போது மட்டும் கெட்டால் துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. படிகத்துக்கு நொடிக்குப் பத்தாயிரத்துக்குள் வையுங்கள்.

511 கேஇவி கோடு அகலமாகத் தெரிவதைக் கோளாறு என்று எண்ணாதீர்கள். பாசிட்ரான் அழிவுக்கு முன் எலக்ட்ரான் நகர்ந்துகொண்டிருப்பதால் அது இயல்பிலேயே அகலம். அளவுத்திருத்தத்துக்கும் அதைப் பயன்படுத்தாதீர்கள். 596, 691 கேஇவி-யில் வலப்பக்கம் சரிந்த முக்கோணமாக எழும் மேடுகளும் உங்கள் அணுக்கருவின் கோடுகள் அல்ல. நியூட்ரான்கள் ஜெர்மானியத்தையே தாக்கிய தடங்கள் அவை.

ஆற்றல் அளவுத்திருத்தத்துக்கு யூரோப்பியம்-152 (121.8 முதல் 1408.0 கேஇவி வரை பல கோடுகள்) வசதி. கற்றைக்கு முன்பும் பின்பும் எடுங்கள், ஏனெனில் ஏசி நின்றால் பெருக்கம் நகரும். நடுவில் நகர்ந்ததா என்று பார்க்கச் செலவில்லாத வழி, கட்டடக் கான்கிரீட்டில் இருக்கும் பொட்டாசியம்-40-இன் 1460.8, தாலியம்-208-இன் 2614.5. இரண்டும் எப்போதும் இருக்கும். ஓட்டம்வாரியாக அவற்றின் இடத்தை வரைந்து பாருங்கள்.

மூவாயிரம் பேர் பெயர் போட்ட கட்டுரையில் என் பங்கு என்ன என்று எப்படிக் காட்டுவது?

பெரிய கூட்டு ஆய்வில் கட்டுரை எல்லாருடையது, அகக் குறிப்பு (குழுவுக்குள் மட்டும் சுற்றும் விரிவான அறிக்கை) உங்களுடையது. பெயர்ப் பட்டியலில் இடம்பெறுவதற்கே டிடெக்டர் அல்லது மென்பொருள் சார்ந்த சேவை வேலையை முடித்துக் காட்ட வேண்டும். அதைச் சுமையாகப் பார்ப்பவர் பலர். எங்கள் கருத்தில், டிடெக்டரைத் தொடாமல் அலசல் மட்டும் செய்தவருக்குத் தரவின் விசித்திரங்கள் புரியாமலே போகும் என்பதால், அது ஆய்வேட்டின் ஓர் அத்தியாயம் ஆகும்படி தேர்ந்தெடுப்பதே நல்லது. பெல்லே-2-இன் சிலிக்கான் டிடெக்டரின் நான்காம் அடுக்கை இந்தியக் குழு டிஐஎஃப்ஆர் தலைமையில் ஜப்பானில் கட்டியது. அப்படிப்பட்ட வேலைகளும் மாணவர் கைகளால் நடப்பவைதான்.

வாய்மொழித் தேர்வில் கேட்பது, எந்த வரைபடத்தை நீங்கள் போட்டீர்கள், எந்தப் பிழை மதிப்பீட்டை நீங்கள் கணக்கிட்டீர்கள் என்பது. ஆய்வேட்டின் முன்னுரையிலேயே அதை வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

5 சிக்மா என்று ஏன் இவ்வளவு கண்டிப்பு?

சிக்மா என்பது புள்ளியியல் ஏற்ற இறக்கத்தின் அலகு. சமிக்ஞை இல்லாமல் வெறும் பின்னணியே 5 சிக்மா அளவுக்குப் பெரிய மேட்டை உண்டாக்கும் வாய்ப்பு 35 லட்சத்தில் ஒன்று என்பது அதன் பொருள். இவ்வளவு கண்டிப்பு அதிகம்போல் தெரியும். ஆனால் எல்எச்சி-யில் நூற்றுக்கணக்கான நிறமாலைகளில் ஆயிரக்கணக்கான இடங்களில் தேடுகிறார்கள்; எங்காவது 3 சிக்மா மேடு கட்டாயம் வரும். 2015 டிசம்பரில் இரு ஃபோட்டான் நிறமாலையில் 750 ஜிஇவி அருகே எல்எச்சி-யின் அட்லஸ், சிஎம்எஸ் ஆய்வுகள் இரண்டுமே மேட்டைக் கண்டன. கோட்பாட்டாளர்கள் கட்டுரைகளாகக் குவித்தார்கள். 2016 ஆகஸ்டில் கூடுதல் தரவு வந்ததும் மேடு மறைந்தது. கருவியில் கோளாறு எதுவும் இல்லை, வெறும் தற்செயல்.

கருவிக் கோளாறை எத்தனை சிக்மாவும் தடுக்காது. 2011 செப்டம்பரில் ஓபெரா குழு, செர்னிலிருந்து 730 கி.மீ. தள்ளி இத்தாலியில் கிரான் சாஸோவுக்குச் சென்ற நியூட்ரினோ ஒளியை விட 60 நானோவினாடி முந்தியதாக 6 சிக்மாவில் அறிவித்தது. ஜிபிஎஸ் நேரத்தைக் கொண்டுவந்த ஒளியிழையின் இணைப்பு சரியாகச் செருகப்படாமல், ஒளி குறைந்து, நேரச் சமிக்ஞை தாமதமாகியிருந்தது. கடிகார அலைவியிலும் எதிர்த்திசையில் சிறு பிழை இருந்தது. 2012 பிப்ரவரியில் இது வெளிவந்தது.

முறைசார் பிழையை எங்கே தேடுவது?

முறைசார் பிழை என்பது கருவியாலோ முறையாலோ முடிவை ஒரே பக்கமாக இழுக்கும் பிழை. முடிவைப் பார்ப்பதற்கு முன் அதைத் தேடுவது முதல் விதி. இன்று பெரும்பாலான குழுக்கள் சமிக்ஞை வரும் பகுதியை மறைத்துவைத்தே அலசலை முடிவுசெய்கின்றன. மறைப்பை நீக்கிய பிறகு வெட்டுகளை (எந்த நிகழ்வை வைப்பது, எதை விடுவது என்ற நிபந்தனைகளை) மாற்றக் கூடாது.

தரவைப் பகல், இரவு, முதல் பாதி, பின் பாதி, இடது டிடெக்டர், வலது டிடெக்டர் என்று பிரித்து ஒரே முடிவு வருகிறதா பாருங்கள். வெட்டின் எல்லையைச் சற்று நகர்த்தினால் முடிவு எவ்வளவு நகர்கிறது? இங்கே ஒரு நுட்பம்: புதிய தொகுதி பழைய தொகுதியின் உட்பகுதி என்றால், இரண்டும் தனித்தனியல்ல. வேறுபாட்டின் எதிர்பார்க்கும் அளவு, இரு பிழைகளின் வர்க்க வேறுபாட்டின் வர்க்கமூலம். அந்த அளவுக்குள் இருந்தால் சோதனை தேறியது என்று எழுதிவிட்டு நகருங்கள், பிழைப்பட்டியலில் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு சோதனையின் வேறுபாட்டையும் பிழையாகக் கூட்டிக்கொண்டே போனால், அதிகம் சோதித்தவருக்கு அதிகப் பிழை என்ற அபத்தம் வரும்.

எந்த மென்பொருள் கற்க வேண்டும்?

சி++, பைத்தான், ரூட் (தரவு அலசல்), ஜியான்ட்4 (துகள் பாவனை), கிட் (நிரல் பதிப்புப் பதிவு). ஆற்றல் நிலைத்திட்டம் வரையும் அணுக்கருக் குழுக்களில் ராட்வேர். ஜியான்ட்4 பாவனையில் அடிக்கடி வரும் தவறுகள் இரண்டு. நூறு வேலைகளை ஒரே ரேண்டம் விதையோடு அனுப்பி, ஒரே நிகழ்வுகளை நூறு முறை எண்ணுவது. புள்ளியியல் பிழை பத்து மடங்கு சிறியதாகத் தெரியும், முடிவோ அசையாது. இரண்டாவது, துணைத்துகள் உற்பத்தி எல்லையை இயல்பான 0.7 மி.மீ.-லேயே விட்டுவிடுவது. ஜெர்மானியத்தின் செயலற்ற மெல்லிய படலமும் இலக்குத் தகடும் அதைவிட மெலிந்தவை.

பாதுகாப்பு?

கதிர்வீச்சு அளவைப் பதியும் டிஎல்டி பேட்ஜ் இல்லாமல் கற்றை அறைக்குள் போகாதீர்கள். ஏஇஆர்பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) விதிப்படி பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. நடைமுறையில் அதைவிட நெருக்கமான ஆபத்து திரவ நைட்ரஜன்: ஒரு லிட்டர் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயு. மூடிய சிறு அறையில் ஆக்சிஜன் குறைவதை மூக்கு எச்சரிக்காது. ஆக்சிஜன் மானி இல்லாத அறையில் தனியாக நிரப்பாதீர்கள்.

ஆர்பிசி வாயுக்கள் சூழலுக்கும் கேடு. சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு கார்பன் டை ஆக்சைடைப் போல 20,000 மடங்குக்கு மேலும், ஆர்-134ஏ ஆயிரம் மடங்குக்கு மேலும் வெப்பமாக்கும். மாற்று வாயுக் கலவை தேடுவதும், வெளியேறும் வாயுவைச் சுத்தம் செய்து மீண்டும் செலுத்துவதும் இன்று நல்ல ஆய்வுத் தலைப்புகள்.

ஆய்வேடு கொடுக்கும்போது எவற்றைச் சேமிக்க வேண்டும்?

மூலத் தரவின் இரண்டு நகல், வெவ்வேறு கட்டடத்தில். அளவுத்திருத்தக் கோப்புகள், எந்த ஓட்டத்துக்கு எது என்ற அட்டவணையோடு. ஒவ்வொரு வரைபடத்துக்கும் அதை உண்டாக்கிய நிரலின் கிட் எண். மின்னணுச் சுற்றின் ஒளிப்படங்களும் கேபிள் நீளங்களும். ஷிஃப்ட் குறிப்பேட்டின் ஸ்கேன், பென்சிலில் அடித்தவற்றோடு சேர்த்து. தேர்வாளர் திருத்தம் கேட்டுப் பத்து மாதம் கழித்து எழுதுவார். அதற்குள் ஆய்வகக் கணினியில் உங்கள் கணக்கை அழித்திருப்பார்கள்.